‘அனுமதி மறுக்கப்பட்டது’: ஓடாத ஸ்கிரிப்டும் காப்பாற்ற வேண்டிய ஆவணங்களும்

மலையகக் குடும்பமொன்றின் வரலாறு பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பைக்குள் அடங்கிவிடும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், சில வீடுகளில் தாத்தாவின் பழைய கடவுச்சீட்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தோட்ட மக்கள் நாடற்றவர்களானபோதும், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கிட்டபோதும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியபோதும் அவர்களிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: காகிதம்.

அந்தக் காகிதத்தை இழந்தவர்களும் ஏராளம். 1977, 1983 வன்முறைகளின் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் பின்னர் போருக்குள் அகப்பட்டு, இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஆவணத்தைத் தொலைத்தன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிந்தபோது லயங்களோடு மக்களும் அவர்களது பெட்டிகளும் புதைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பிரதிக்கு என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

இதனால்தான் ஆவணங்களை மின்வருடி கணினியில் சேர்க்கும் வேலை இன்று பல இடங்களில் நடக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் மலையகம் சார்ந்த நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்து வருகிறது. அதைவிடச் சிறிய அளவில், ஒரு தோட்டத்து வாசிகசாலையோ இளைஞர் குழுவோ தங்கள் டிவிசனில் உள்ள குடும்பங்களின் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைக்க முடியும். இப்படிப்பட்ட இடங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ கொடுத்த பழைய மடிக்கணினிகள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பதினொன்று ஏறாத பழைய கணினிகளில் உபுண்டு, மின்ட் போன்ற இலவச லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவிக்கொள்வது நல்ல தீர்வு.

ஆனால் லினக்ஸுக்கு வந்த எவரும் முதல் வாரத்திலேயே ஒரு செய்தியைச் சந்திப்பார்கள்: ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது அனுமதி மறுக்கப்பட்டது. அது ஏன் வருகிறது, எங்கே பார்ப்பது, எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் இக்கட்டுரை சொல்கிறது.

ஓர் உதாரணத்தோடு போவோம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் ‘ஆவணங்கள்’ என்ற கோப்புறையில் முந்நூறு குடும்பங்களின் ஸ்கேன் பிரதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை ஒவ்வோர் இரவும் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுக்க ஒருவர் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுகிறார். ஸ்கிரிப்ட் என்பது வேறொன்றுமில்லை, கணினி வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த சாதாரண எழுத்துக் கோப்பு. அதற்குக் ‘காப்பு’ என்று பெயர் வைக்கிறார். லினக்ஸில் கோப்புப் பெயர் தமிழிலும் இருக்கலாம். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஒட்டு எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். முக்கியமானவை முதலில் வரும் இடத்தில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறோம். கணினியில் அவற்றைச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

செக்ரோலும் கோப்பும்

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. இவ்விரண்டிலும் சேராத மற்ற எல்லோரும் மூன்றாவது வகை. இந்த மூன்று வகையினருக்கும் தனித்தனியாக மூன்று அனுமதிகள்: வாசிக்க, எழுத, இயக்க.

தோட்டத்தின் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளை அதில் எழுதலாம். தொழிலாளி தனக்கு அன்று முழுப் பேரா அரைப் பேரா விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம், திருத்த முடியாது. வெளியாள் புத்தகத்தைத் தொடவே முடியாது. ஒரே புத்தகம், ஆளுக்கு ஆள் உரிமை வேறு. லினக்ஸ் செய்வதும் இதுதான். 1971இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸின் முதற் பதிப்பிலேயே கோப்பு அனுமதியை மாற்றும் கட்டளை இருந்தது. 1991இல் பிறந்த லினக்ஸ் அதே முறையைப் பின்பற்றியது.

இந்த அனுமதிகள் மூன்று இலக்க எண்ணாக எழுதப்படும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. எவை உண்டோ அவற்றைக் கூட்ட வேண்டும். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றவர்களுக்கு. 644 என்றால் உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும் முடியும், மற்ற இரு வகையினரும் வாசிக்க மட்டும் முடியும். 700 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு, வேறெவருக்கும் ஒன்றுமில்லை.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. நீங்கள் உரிமையாளர் என்றால் முதல் இலக்கம் மட்டுமே உங்களுக்குப் பொருந்தும். குழுவுக்கு அதிக உரிமை இருந்தாலும் அது உங்களுக்குக் கிடைக்காது. உரிமையாளர் அல்ல, குழுவில் இருக்கிறீர்கள் என்றால் இரண்டாவது இலக்கம். இரண்டும் இல்லையென்றால்தான் மூன்றாவது.

முதல் தடை: இயக்க அனுமதி இல்லை

எழுதி முடித்த ஸ்கிரிப்டை இயக்க டெர்மினலில் இப்படித் தட்டுவோம்:

./காப்பு

முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் ‘இப்போது நிற்கும் கோப்புறையில் உள்ள’ என்று பொருள்படும். அவற்றை விட்டால், கட்டளைகள் வழமையாக இருக்கும் இடங்களில் மட்டும் லினக்ஸ் தேடிவிட்டு, அப்படியொரு கட்டளை இல்லை என்று சொல்லிவிடும். அது அனுமதிப் பிரச்சினை அல்ல, முகவரிப் பிரச்சினை. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கட்டளை தோற்றவுடன் ‘எக்கோ $?’ என்று தட்டினால் ஓர் எண் வரும். 127 என்றால் கட்டளையைக் காணவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் இயக்க முடியவில்லை.

126 வந்தால் கோப்பின் அனுமதியைப் பாருங்கள். எஸ், டி, ஏ, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன ‘ஸ்டாட்’ கட்டளை அதை எண்ணாகவே தரும்:

ஸ்டாட் -சி %ஏ காப்பு

புதிதாக எழுதிய கோப்புக்கு 644 அல்லது 664 என்று வரும். எந்த இலக்கத்திலும் 1 சேரவில்லை. கணினியைப் பொறுத்தவரை அது வாசிக்கும் காகிதம், ஓட்டும் நிரல் அல்ல. இது குறைபாடல்ல, பாதுகாப்பு. இணையத்தில் இருந்து இறங்கிய ஒரு கோப்பு தானாக ஓடிவிடக்கூடாது என்பதற்காகவே இயக்க அனுமதியை மனிதர் ஒருவர் கையால் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைக் கொடுக்கும் கட்டளை சி, எச், எம், ஓ, டி என்ற ஐந்து எழுத்துகளால் ஆன ‘சிஎச்மோட்’:

சிஎச்மோட் யூ+எக்ஸ் காப்பு

‘யூ’ என்பது உரிமையாளரையும் ‘எக்ஸ்’ என்பது இயக்கத்தையும் குறிக்கும். இப்போது எண் 744 அல்லது 764 ஆகும். ஸ்கிரிப்டை நீங்கள் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘சிஎச்மோட் 700 காப்பு’ என்பது இன்னும் நல்லது. வேறொருவரும் இயக்க வேண்டும் என்றால் அவருக்கு வாசிக்கும் அனுமதியும் சேர்ந்தே வேண்டும். ஸ்கிரிப்டை இயக்கும் பாஷ் என்ற நிரல் அதை முதலில் வாசிக்க வேண்டுமல்லவா?

பாதிப் பேருக்குப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். தீராதவர்கள் அடுத்த தடையைப் பார்க்க வேண்டும்.

பென் டிரைவில் நிலைக்காத அனுமதி

கொட்டகலையில் ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் பொகவந்தலாவைக்குப் போவது பெரும்பாலும் பென் டிரைவில்தான். கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட் என்ற வடிவமைப்பில் வருகின்றன. இவற்றில் லினக்ஸின் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றை எழுதி வைக்க இடமே கிடையாது. ஆகவே பென் டிரைவில் உள்ள கோப்புக்குச் சிஎச்மோட் கொடுத்தால், கட்டளை எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்துவிடும். மீண்டும் ஸ்டாட் பார்த்தால் பழைய எண்ணே நிற்கும். செய்தேன், ஆகவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

தீர்வு எளிது. ஸ்கிரிப்டைக் கணினியின் உள்தட்டில், உங்கள் வீட்டுக் கோப்புறைக்குப் பிரதி செய்து, அங்கே அனுமதி கொடுங்கள். அவசரத்துக்கு ‘பாஷ் காப்பு’ என்று தட்டியும் ஓட்டலாம். அப்போது இயங்குவது பாஷ், உங்கள் கோப்பு அது வாசிக்கும் வெறும் எழுத்து. அதற்கு வாசிக்கும் அனுமதி போதும்.

பென் டிரைவோடு வரும் இன்னொரு தொல்லை, விண்டோஸ் கணினியில் திருத்திய ஸ்கிரிப்ட். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரி ‘#!/பின்/பாஷ்’ என்று எந்த நிரல் தன்னை இயக்க வேண்டும் என்பதைச் சொல்லும். அந்த வரியின் முடிவிலும் இந்தக் குறி ஒட்டிக்கொள்வதால், லினக்ஸ் ‘பாஷ்’ என்பதைத் தேடாமல் வேறேதோ பெயரைத் தேடி, அப்படியொரு கோப்பு இல்லை என்கிறது. கோப்பு கண்முன்னே இருக்க, இல்லை என்று சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். ‘டொஸ்2யுனிக்ஸ் காப்பு’ என்ற கட்டளை அந்தக் குறிகளை நீக்கும்.

வாசற்கதவு பூட்டியிருந்தால்

கோப்புறைக்கும் இதே மூன்று அனுமதிகள் உண்டு, ஆனால் பொருள் சற்று மாறும். வாசித்தல் என்றால் உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்ப்பது. எழுதுதல் என்றால் உள்ளே கோப்புகளைச் சேர்ப்பதும் நீக்குவதும். இயக்குதல் என்றால் அந்தக் கோப்புறையைத் தாண்டி உள்ளே போவது.

லயத்தின் கடைசிக் காம்பிராவில் உள்ள பெட்டியின் சாவி உங்களிடம் இருக்கலாம். வாசற்கதவு பூட்டியிருந்தால் பெட்டிவரை போகமுடியாது. அதுபோல, கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் அதற்குப் போகும் பாதையில் உள்ள ஒரு கோப்புறையில் இயக்க அனுமதி இல்லையென்றால் மறுப்புத்தான் வரும். எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க என், ஏ, எம், இ, ஐ என்ற எழுத்துகளால் ஆன ‘நேம்ஐ’ உதவும். ‘நேம்ஐ -எல்’ என்று தட்டி, கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தால், வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையின் அனுமதியையும் உரிமையாளரையும் வரிசையாகக் காட்டும். உபுண்டு 21.04 பதிப்பு முதல் புதிய பயனரின் வீட்டுக் கோப்புறை 750 ஆகவே அமைக்கப்படுகிறது. ஒரே கணினியில் தனித்தனிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒருவர் வீட்டில் இன்னொருவர் நுழைய முடியாததற்கு இதுவே காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோப்பின் அனுமதி அல்ல, அது இருக்கும் கோப்புறையின் அனுமதி. ஸ்கேன் பிரதிகளை எல்லாம் 444 ஆக்கி, ‘இனி யாரும் தொட முடியாது’ என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கோப்புறையில் எழுதும் அனுமதி உள்ள எவரும் அவற்றை அழித்துவிடலாம். காக்க வேண்டியது கோப்புறையை.

ஒருமுறை சூடோ, பின்னர் தலைவலி

எஸ், யூ, டி, ஓ என்ற ‘சூடோ’ கட்டளை கணினியின் முழு அதிகாரம் கொண்ட ‘ரூட்’ பயனராக ஒரு வேலையைச் செய்ய விடும். அனுமதி மறுக்கப்பட்டால் முன்னால் சூடோ சேர்த்துவிடு என்பது வாய்வழியாகப் பரவியிருக்கும் ஆலோசனை. அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் ஸ்கிரிப்ட் அந்த ஓட்டத்தில் உருவாக்கிய கோப்புகளும் கோப்புறைகளும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். மறுநாள் சூடோ இல்லாமல் ஓடும்போது, நேற்றுத் தானே உருவாக்கிய கோப்புறையில் அதனால் எழுத முடியாது.

இதைப் பார்க்க ‘எல்எஸ் -எல்’ என்ற கட்டளை போதும். ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர் பெயரும் குழுப் பெயரும் வரும். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருந்தால், சி, எச், ஓ, டபிள்யூ, என் என்ற ‘சிஎச்ஓன்’ கட்டளையால் உரிமையை மீட்க வேண்டும்:

சூடோ சிஎச்ஓன் -ஆர் உங்கள்பெயர்: காப்பகம்

இதில் வரும் ‘ஆர்’ மட்டும் பெரிய எழுத்து. கோப்புறைக்குள் உள்ள அனைத்துக்கும் என்று அது பொருள்படும். ‘உங்கள்பெயர்’ என்ற இடத்தில் கணினியில் உள்ள உங்கள் பயனர் பெயர் வர வேண்டும். சூடோவை உரிமையை மீட்க ஒருமுறை பயன்படுத்துங்கள். தினமும் ஓடும் வேலையை அதன்மீது கட்டாதீர்கள்.

777: எல்லாக் கதவும் திறந்த வீடு

சூடோவுக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் ஆலோசனை ‘777 கொடு’ என்பது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும். மறுப்புச் செய்தி பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

நம் மக்களின் கோப்புறைகளில் இருப்பவை கல்யாண வீட்டுப் படங்கள் மட்டுமல்ல. காணாமல்போன மகனைப் பற்றி 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமல்போனோர் அலுவலகத்துக்குத் தாய் எழுதிய கடிதம், தடுப்பில் இருந்து வந்தவரின் வாக்குமூலம், காணி வழக்கின் பத்திரங்கள், ஒருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அங்கே இருக்கலாம். பொதுக் கணினியில் 777 கொடுத்தால், அதில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அவற்றை வாசிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் ஆபத்து இன்னும் பெரிது. வேறொருவர் அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால், அன்றிரவு அந்த வரியும் உங்கள் பெயரில் ஓடும். ஆவணத்தைக் கொடுத்தவர் நம்பிக்கையின் பேரில் கொடுத்தார். தனிப்பட்ட தரவுகளைக் காக்கவென இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. சட்டத்துக்கு முன்னரே நமக்கு அந்தக் கடமை உண்டு.

பலர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றால் அதற்குத்தான் குழு. வேலை செய்பவர்களை ஒரு குழுவில் சேர்த்து, கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, ‘சிஎச்மோட் 2770’ கொடுங்கள். முன்னால் நிற்கும் 2, உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகளும் அதே குழுவுக்கே சேரும்படி செய்யும். குழுவுக்கு வெளியே உள்ளவருக்கு ஒன்றும் இல்லை. குழுவில் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். அதுவரை பழைய குழுக்களே செல்லும். சேர்ந்தாயிற்றா என்று பார்க்க ‘ஐடி’ என்ற இரண்டெழுத்துக் கட்டளை உதவும்.

அனுமதியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த எண்களை மதித்து நடப்பது ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ். கணினியையே எடுத்துச் சென்று வன்தட்டைக் கழற்றி வேறொன்றில் பொருத்துபவரை 700ஆல் தடுக்க முடியாது. உணர்வுபூர்வமான ஆவணங்கள் இருந்தால் லினக்ஸை நிறுவும்போதே வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்யும் தெரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி வன்தட்டுக்கும் அதுவே பொருந்தும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் ஆவணமும் போய்விடும் என்பதால், நம்பிக்கையான இரண்டு பேரிடமாவது அது இருக்க வேண்டும்.

சத்தம் போடாத தோல்வி

இதுவரை பார்த்த தடைகள் எல்லாம் திரையில் செய்தி காட்டுபவை, அல்லது உடனே தெரிந்துவிடுபவை. யாரும் பார்க்காத நேரத்தில் வரும் மறுப்புத்தான் உண்மையில் ஆபத்தானது.

காப்பு ஸ்கிரிப்டைத் தினமும் இரவில் ஓட்ட லினக்ஸில் ‘கிரான்’ என்ற ஏற்பாடு உண்டு. நள்ளிரவில் கிரான் ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டால், அதைக் காண யாரும் விழித்திருப்பதில்லை. டெபியன், உபுண்டு, மின்ட் கணினிகளில் தினசரி வேலைகளுக்கென ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் ஸ்கிரிப்டைப் போட்டால் தினமும் ஓடும் என்று பலரும் அறிவார்கள். ஆனால் இயக்க அனுமதி இல்லாத கோப்பை அது பேசாமல் தாண்டிப் போய்விடும். பெயரில் புள்ளி இருந்தாலும் தாண்டிவிடும். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் பெயரில் இருந்தாலும் தாண்டிவிடும். ஆகவே தமிழில் ‘காப்பு’ என்று பெயரிட்ட கோப்பு அங்கே ஒருநாளும் ஓடாது, ஓடவில்லை என்று சொல்லவும் செய்யாது. அந்தக் கோப்புறையில் ஆங்கில எழுத்துப் பெயரே வேண்டும். எவை ஓடும் என்று முன்கூட்டியே பார்க்க ‘ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட்’ என்ற கட்டளையோடு அந்தக் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். பட்டியலில் உங்கள் ஸ்கிரிப்ட் இல்லையென்றால் அது ஓடப்போவதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் மென்பொருளாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடியபோது, தானியங்கிக் காப்பு தோற்றுக்கொண்டே இருந்தது தெரியவந்தது. காரணம் அனுமதி அல்ல, தரவுத்தளத்தின் பதிப்பும் காப்பு மென்பொருளின் பதிப்பும் பொருந்தாமை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் சேரவில்லை. வேறொரு தேவைக்காக எடுத்திருந்த ஆறு மணிநேரப் பழைய பிரதி தற்செயலாக இருந்ததால் தப்பினார்கள். ஏறத்தாழ 5,000 திட்டங்களில் அந்த ஆறு மணிநேர மாற்றங்கள் போயின. என்ன நடந்தது என்பதை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது. நம் தோட்டத்து வாசிகசாலையில் அப்படியொரு தற்செயல் பிரதி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே கிரானில் வேலையைச் சேர்க்கும்போது, அதன் வெளியீடு முழுவதையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். கட்டளையின் கடைசியில் ‘>> பதிவு 2>&1’ என்று சேர்த்தால் பிழைச் செய்திகளும் ‘பதிவு’ என்ற கோப்பில் சேரும். அந்தப் பெயருக்குப் பதிலாகக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தால் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேட வேண்டியிருக்காது. கிரான் ஓட்டும்போது கட்டளைகளைத் தேடும் இடங்களும் குறைவு என்பதால், ஸ்கிரிப்டின் உள்ளேயும் கோப்புகளின் முழுப் பாதைகளையே எழுதுங்கள். முதல் வரிக்கு அடுத்து ‘செட் -இ’ என்று போட்டால், ஒரு படி தோற்றவுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கடைசி வரியில் திகதியையும் ‘முடிந்தது’ என்ற சொல்லையும் பதிவில் எழுத வையுங்கள். அந்தச் சொல்லைக் காணாத நாளில் ஏதோ கோளாறு என்று விளங்கிக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டிய ஒழுங்கு

மறுப்பு வந்தால் பதற்றப்படாமல் இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் செய்தியை முழுமையாக வாசியுங்கள், எந்தக் கோப்பு மறுக்கப்பட்டது என்று அதிலேயே இருக்கும். மறுக்கப்பட்டது ஸ்கிரிப்டா, அல்லது ஸ்கிரிப்ட் எழுதப்போன வேறு கோப்பா? இரண்டாவது, ‘ஐடி’ தட்டி நீங்கள் யார், எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். மூன்றாவது, ‘எல்எஸ் -எல்’ தட்டி உரிமையாளர் யார், அனுமதி என்ன என்று பாருங்கள். நான்காவது, ‘நேம்ஐ -எல்’ தட்டி வழியில் உள்ள கதவுகளைப் பாருங்கள். ஐந்தாவது, கோப்பு பென் டிரைவிலா உள்தட்டிலா என்று பாருங்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு, குறைவாக உள்ள அந்த ஒரே அனுமதியை, தேவையான ஆளுக்கு மட்டும் கொடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், மறக்காமல் இருக்கச் சம்பள நாளையே வைத்துக்கொள்ளலாம், வெளி வன்தட்டை வேறொரு கணினியில் செருகி, ஏதாவது ஐந்து குடும்பங்களின் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயர் எழுத்து எழுத்தாக வாசிக்க முடிகிறதா? கடந்த வாரம் சேர்த்த ஆவணம் வந்திருக்கிறதா? திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் எடுக்கக்கூடாது. முடிந்தால் மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு வகையான சாதனத்திலும், ஒன்று வேறு ஊரிலும் இருக்கட்டும். மண்சரிவு வரும் மலையில் உள்ளவர்களின் பிரதியொன்று வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உறவினரிடம் இருக்கலாம், அவர்களுடையது இங்கே இருக்கலாம்.

சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும் முதியவர், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று பிரதேச செயலகத்துக்கும் தொழில் அலுவலகத்துக்கும் அலைவது மலையகத்தில் அன்றாடக் காட்சி. அவருக்குத் தேவைப்படும் அந்தப் பழைய பத்திரம் மூலப் பிரதியாக இல்லாவிட்டாலும், எங்கே தேடுவது என்று காட்டும் இலக்கமும் திகதியும் ஸ்கேன் பிரதியில் இருக்கும். அது அன்றைக்குக் கிடைக்குமா இல்லையா என்பது, ஸ்கிரிப்ட் எழுதியவர் இயக்க அனுமதியைக் கொடுத்தாரா, அது ஓடுகிறதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா என்பதில் தங்கியிருக்கிறது.